மார்கழியில் விழுந்த வக்காக் குஞ்சுகள்

காலை எட்டரை மணி இருக்கும். இரண்டாவது காபியோடு பால்கனிக்கு வந்தேன். எதிரே இருக்கும் தூங்குமூஞ்சி மரத்தில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் கயிறு, கையில் ரம்ப மெஷின். கீழே எங்கள் ஆழ்வார்பேட்டைத் தெரு வழக்கம்போல ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

மெஷின் உறுமியது. பெரிய கிளை ஒன்று மெல்லச் சாய்ந்து, கயிற்றில் ஒரு கணம் தொங்கி, தெருவில் இறங்கியது. இலைகளோடு குச்சிகளும் விழுந்தன. பிறகு சாம்பல் நிறத்தில், பஞ்சு உருண்டைபோல ஏதோ ஒன்று தார்ச்சாலையில் விழுந்தது. அது எழுந்து நின்று வாயைத் திறந்தது.

வக்காக் குஞ்சு.

காபி டம்ளரை எங்கே வைத்தேன் என்று தெரியாது. செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கினேன். "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று நான் கத்தியது மேலே இருந்தவருக்குக் கேட்கவில்லை. கேட்பதற்குள் இரண்டாவது கிளையும் விழுந்துவிட்டது.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வர நியாயமும் இல்லை. அந்தக் கிளைகளை வெட்டச் சொல்லி மனு எழுதியவள் நான்தான்.

அடியேன் எழுதிய மனு

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும், முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் கடிதம் எழுதிச் சாப்பிட்டவள் நான். 'பார்வையில் காணும்' என்று தொடங்கினால் 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' வரை கை தானாக ஓடும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. எங்கள் குடியிருப்பில் குடிநீர் வராவிட்டாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும் மனு என்னிடம்தான் வரும்.

அந்த வருஷம் ஐப்பசியில் வக்காக்கள் வந்தன. அதற்கு முன் ஒன்றிரண்டு பார்த்திருக்கிறோம். அந்தத் தடவை ஒரு கூட்டமே வந்து எங்கள் மரத்தில் அடைந்தது.

வக்காவைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கொக்கு இனம்தான், ஆனால் கொக்கின் நளினம் கிடையாது. கட்டை குட்டையான உடம்பு. கறுப்புத் தொப்பி, சாம்பல் சட்டை, சிவப்புக் கண். பின்னந்தலையில் இரண்டு மூன்று வெள்ளை இறகு நீளமாகத் தொங்கும். பகல் முழுக்கக் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, பதவி உயர்வு கிடைக்காத ஹெட்கிளார்க் மாதிரி உட்கார்ந்திருக்கும். பொழுது சாயும்போது 'குவாக்' என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு அடையாற்றுப் பக்கம் பறக்கும். நாம் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் அது வேலைக்குக் கிளம்பும்.

பார்க்க அழகுதான். ஆனால் மரத்துக்கடியில் வாழ முடியவில்லை. மரத்தை ஒட்டி யூசுப் பாயின் கடை. கார்களுக்கு சீட் கவர் தைக்கிறவர். கடை சின்னது என்பதால் வண்டியைத் தெருவோரம் மரநிழலில் நிறுத்தித்தான் வேலை செய்வார். ஒருநாள் என்னைத் தெருவிலேயே மறித்தார்.

"மேடம், நேத்து ஒரு வண்டி. வெள்ள சீட்டு. டோரத் தொறந்து வெச்சிகினு தெச்சிகினு கீறேன், மேலேர்ந்து பொத்துனு ஒரு மீனு வுழுது சீட்டு மேல. கஸ்டமர் என்னப் பாக்குறாரு, நான் மேல பாக்குறேன். இன்னான்னு சொல்றது?"

இரண்டாவது மாடி ராஜி மாமிக்கு வேறு துக்கம். மயிலாப்பூரிலிருந்து வந்து எங்கள் குடியிருப்பில் இருபது வருஷமாக இருப்பவர். "மாடில ஒரு புடவை உலர்த்த முடியலடி திலகா. எல்லாம் வெள்ளை வெள்ளையா பொட்டு வெச்சுண்டு வர்றது. ஆத்துக்குள்ள மீன் நாத்தம் வேற. நீதான் நன்னா எழுதுவியே, ஒரு மனு எழுதிப் போடேன்" என்றார்.

எழுதினேன். 'மேற்படி மரத்தில் கொக்குகள் அடைவதால் பொதுமக்களுக்குச் சுகாதாரக் கேடு ஏற்படுவதால், சாலைப்பக்கக் கிளைகளை அகற்றித் தருமாறு' என்று ஒரே வாக்கியத்தில் இரண்டு 'ஏற்படுவதால்' வராமல் இரண்டுமுறை திருத்தினேன். யூசுப் பாய் முதல் கையெழுத்து. மாமி இரண்டாவது. நான் மூன்றாவது.

கீழே நாம், மேலே அவை

மனு கொடுத்த பிறகுதான் நான் மரத்தை நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினேன். எதிராளி யாரென்று தெரிந்துகொள்ளும் ஆசைதான்.

என்னோடு வேலை பார்த்த சுகுமாரன் ஞாயிற்றுக்கிழமைகளில் பைனாகுலரோடு அலைகிறவர். போனில் கேட்டேன்: ஊரில் இத்தனை தோட்டம் துரவு இருக்க, இந்தப் பறவைகள் ஏன் ஹாரன் சத்தத்தில் வந்து உட்காருகின்றன?

அவர் சிரித்தார். "கீழ ஜனம் நடமாடினா மரத்துல பாம்பு ஏறாது, மரநாய் ஏறாது. ராத்திரி வேலைக்குப் போறவன் பகல்ல நிம்மதியாத் தூங்கணும்ல? உங்க தெருவை வாட்ச்மேனா வெச்சிருக்கு மேடம். சம்பளம் குடுக்கலைன்னு கோவிச்சுக்காதீங்க."

மழை பெய்து ஆறு பெருகினால் முகத்துவாரத்து மணல்மேடு உடைந்து கடலும் ஆறும் கலக்கும். அந்தச் சேற்றில் மீன்குஞ்சும் இறாலும் நிறையும். அந்தச் சமயம் பார்த்துத்தான் வக்கா கூடு கட்டும் என்றும் அவர் சொன்னார்.

அப்படியே நடந்தது. கார்த்திகையில் கூடுகள் வந்தன. கூடு என்று சொல்வதே மரியாதைக்காக. நாலு குச்சியைக் குறுக்கும் நெடுக்கும் போட்டுவிட்டு அதன்மேல் முட்டை இடுகிறது. கீழிருந்து பார்த்தால் வானம் தெரியும். என் பால்கனி உயரத்துக்கே ஒரு கூடு இருந்தது. மார்கழி பிறந்தபோது அதில் மூன்று குஞ்சுகள். தலையில் சீவாத முடி மாதிரி பஞ்சுச் சிலிர்ப்பு. அம்மாவோ அப்பாவோ வந்து உட்கார்ந்தால், மூன்றும் அந்த நீள மூக்கைப் பிடித்து இழுத்து வாங்கிச் சாப்பிடும். ஒருநாள் அந்த வாயிலிருந்து ஆரஞ்சு நிற மீன் ஒன்று வந்தது. அடையாற்றில் அந்த நிறத்தில் மீன் கிடையாது. எந்த பங்களாவின் அலங்காரத் தொட்டியோ பாவம்.

மரத்துக்குக் கீழேயும் ஒரு குடித்தனம் நடந்தது. தவறி விழும் மீனுக்காக இரண்டு பூனைகள் காலையில் வந்து உட்காரும். பூனை விட்டதைக் காக்கை எடுக்கும். காக்கை விட்டதை எறும்பு. மதில் ஓரத்தில் எச்சம் விழுந்த இடத்தில் முதலில் செடியெல்லாம் கருகியது. இரண்டு மழை பெய்து கரைந்ததும் அங்கேயே குப்பைமேனி முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து நின்றது.

மனுவைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று ஒருநாள் தோன்றியது. ஐந்து நிமிஷ வேலை. ஆனால், 'அது எங்கேயாவது ஃபைலில் தூங்கிக்கொண்டிருக்கும், எழுப்புவானேன்' என்று விட்டுவிட்டேன். ஃபைல்களின் தூக்கத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை. கடமையைச் சரியாகச் செய்கிறவர்களும் இருப்பார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை.

தண்ணி லாரி

தெருவுக்கு ஓடி வந்தேன் என்றேன் அல்லவா? அங்கே எனக்கு முன்பே யூசுப் பாய் இருந்தார்.

சாலை நடுவில் அந்தக் குஞ்சு நின்றுகொண்டிருந்தது. அதற்கு நேராகத் தண்ணீர் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. பாய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு லாரிக்கு முன்னால் போய் நின்றார். அவர் ஒல்லியான மனிதர். லாரியின் மூக்கு அவர் நெஞ்சுக்கு ஒரு முழத்தில் நின்றது.

"யோவ், சாவுகிராக்கி!" என்றார் டிரைவர்.

"வண்டிய நிறுத்துய்யா! கொயந்த நிக்கிது, கண்ணு தெர்ல?" என்றார் பாய்.

குழந்தை எங்கே என்று டிரைவர் எட்டிப் பார்த்தார். குஞ்சைப் பார்த்ததும் என்ஜினை அணைத்துவிட்டார்.

நாங்கள் இருவரும் இலைக்குவியலுக்குள் தேடினோம். ஒன்பது குஞ்சுகள் கிடைத்தன. அதில் இரண்டு அசையவில்லை. மற்ற ஏழையும் பாய் தன் கடைக்குள் ரெக்ஸின் விரித்து அதன்மேல் விட்டார். வக்காக் குஞ்சுக்குப் பயம் வந்தால் சாப்பிட்டதைக் கக்கிவிடும். ஏழும் பாயின் சட்டைமேலேயே கக்கின. ஒன்று அவர் விரலைக் கொத்தி ரத்தம் வரவழைத்தது.

"கையெழுத்துப் போட்ட கைதானே, கொத்தட்டும்" என்றார், என்னைப் பார்க்காமல்.

நான் அழுதுவிட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுதேன்.

தேதித்தாளின் பின்பக்கம்

மரத்திலிருந்தவர் அதற்குள் இறங்கி வந்தார். பெயர் ஏழுமலை. நாற்பது வயது இருக்கும். கடை வாசலில் நின்று குஞ்சுகளைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது, மேல குஞ்சு கீதுன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? பேப்பர்ல கிளைன்னுதான் போட்டுகீது. ஏறுறப்ப கண்டேன், காக்கா கூடுன்னு நெனச்சிகினேன்."

"என் தப்புதான். அந்தப் பேப்பர் நான் எழுதினது" என்றேன்.

"இன்னும் மூணு கிளை வெட்டணும்மா. அதுலயும் கூடு கீது."

"வேண்டாம். நிறுத்திடுங்க."

"நான் நிறுத்த முடியாது. சூப்பர்வைசராண்ட பேசு."

ஏழுமலையின் போனிலேயே பேசினேன். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். "மேடம், நீங்க எழுதிக் குடுத்தீங்க, நாங்க ஆளனுப்பினோம். வேண்டாம்னா அதையும் எழுதிக் குடுங்க. போட்டோ எடுத்து அனுப்பினாப் போதும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை.

பேப்பருக்கு எங்கே போவது? பாய் கடைச்சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரிலிருந்து அன்றைய தேதியைக் கிழித்துக் கொடுத்தார். அதன் பின்பக்கத்தில் எழுதினேன். 'பார்வை' இல்லை, 'பணிவு' இல்லை. 'மரத்தில் குஞ்சுகள் இருக்கின்றன. தெரியாமல் கேட்டுவிட்டோம். தயவுசெய்து வெட்ட வேண்டாம்.' மூன்று வரி. என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சிறிய கடிதம் அதுதான். பாய் ரத்த விரலோடு கையெழுத்துப் போட்டார். ஏழுமலை அதைப் போட்டோ எடுத்து அனுப்பினார்.

பிறகு வனத்துறைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் கூடுகள் மரத்தில் இன்னும் இருக்கின்றனவா என்று விசாரித்துவிட்டு, மாலைக்குள் ஆள் வருவார் என்றார். "அதுவரைக்கும் நிழல்ல வைங்க. தண்ணிய வாயில ஊத்தாதீங்க. முடிஞ்சா அதே மரத்துல கூடை கட்டி வெச்சிடுங்க. தாய்ப்பறவை வந்தா அதைவிட நல்லது இல்லை."

வடாம் தட்டு

கூடைக்கு என்ன செய்வது என்று நாங்கள் தெருவில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, மேலிருந்து ராஜி மாமியின் குரல் கேட்டது.

"திலகா! வலது பக்கக் கிளைல இருந்தது மூணு. அதுல ஒண்ணு சின்னது, எப்பவும் பட்டினி. அதுக்குக் கீழ்க்கிளைல நாலு. கோடில ரெண்டு. சரியா எண்ணினேளா?"

நான் அண்ணாந்து பார்த்தேன். புடவை உலர்த்த முடியவில்லை என்று மனு போடச் சொன்ன மாமிக்கு எந்தக் கிளையில் எந்தக் குஞ்சு பட்டினி என்பது வரை தெரிந்திருந்தது.

"தெனம் பார்க்கறேனே! கண்ணு என்ன, மூடிண்டா இருக்கும்?" என்றார் மாமி. ஐந்து நிமிஷத்தில் வடாம் காயவைக்கும் மூங்கில் தட்டுகள் மூன்றோடு இறங்கி வந்தார். "இனிமே இதுல வடாம் இட முடியாது. எடுத்துக்கோங்கோ."

யூசுப் பாய் உட்கார்ந்தார். தட்டுகளுக்கு சீட் கவர் நூலால் விளிம்பு பிடித்தார். பெல்ட் பட்டையை நான்கு பக்கமும் வைத்துத் தைத்தார். தண்ணீர் தேங்காமல் இருக்க அடியில் ஓட்டை போட்டார். வெட்டி விழுந்த குச்சிகளையே நான் பொறுக்கி உள்ளே பரப்பினேன். கார் சீட்டுக்குக்கூட அவர் அவ்வளவு கவனமாகத் தைத்து நான் பார்த்ததில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. பதினொன்றரை மணிக்கு அவர் எழுந்தார். "அக்கா, ஜும்மாவுக்குப் போவணும். இந்தச் சட்டையோட போவ முடியாது. வூட்டுக்குப் போயி குளிச்சிட்டு, தொழுதுட்டு ஓடியாந்துர்றேன். மூணாவது தட்டுக்கு ஒரு பக்கந்தான் பாக்கி."

அதுவரை நான் அவருக்கு மேடம். அன்றிலிருந்து அக்கா.

அவர் போனதும் ஏழுமலையின் போன் அடித்தது. அடுத்த தெருவுக்குக் கூப்பிடுகிறார்கள். அவர் போனைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார், போனை எடுத்துப் பேசினார். "சார், இங்க ஒரு ரெண்டு மணி நேரம் ஆவும் சார். எறக்கினத ஏத்திட்டு வந்துர்றேன்."

குடையோடு மாமி

பாய் திரும்பி வந்து மூன்றாவது தட்டையும் முடித்ததும், மதியம் இரண்டு மணிக்கு ஏழுமலை மீண்டும் மரம் ஏறினார். இந்தத் தடவை மெஷின் இல்லை. ஒவ்வொரு தட்டாகக் கயிற்றில் மேலே போனது. மாமி மொட்டை மாடியிலிருந்து இடம் சொன்னார். "அங்க இல்லப்பா, இன்னும் உள்ள தள்ளி. வெயில் படாம." அவர் சொன்ன இடத்திலேயே ஏழுமலை கட்டினார். பிறகு துணிப்பையில் இரண்டு இரண்டாகக் குஞ்சுகள் ஏறின. கடைசிப் பையைக் கொடுக்கும்போது பாய் அதற்குள் ஏதோ மெல்லச் சொன்னார். என்னவென்று நான் கேட்கவில்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான். மெஷின் சத்தத்தில் பெரிய பறவைகள் எல்லாம் பறந்து போயிருந்தன. காவல் இல்லாத குஞ்சுகளைக் காக்கைகள் பார்த்துவிட்டன. முதலில் இரண்டு வந்தன. பிறகு ஏழெட்டு.

அன்று மூன்று மணிக்கு மாமிக்குக் கச்சேரி. மார்கழியில் ஒரு கச்சேரியையும் விடாதவர். பட்டுப்புடவை கட்டித் தயாராக இருந்தவர், அதே புடவையோடு மொட்டை மாடியில் குடையைச் சுழற்றிக்கொண்டு நின்றார். "சீ! போ! அந்தண்ட போ!" நான் கைப்பிடிச்சுவரில் பாத்திரத்தைத் தட்டினேன். பாய் கீழே மிச்சமிருந்த ரெக்ஸினை உதறினார். எதிர்க்கடைக்காரர்களும் கைதட்டினார்கள். இப்படியே இரண்டரை மணி நேரம். மாமி ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

வனத்துறை ஆள் ஐந்தரைக்கு வந்தார். தட்டுகளைப் பார்த்தார். "நல்லாக் கட்டியிருக்கீங்க. இனிமே நம்ம கையில இல்லை. எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார்.

தள்ளி நின்றோம். ஆறு மணி ஆனது. தூங்குமூஞ்சியின் இலைகள் மூடத் தொடங்கின. மேலே இரண்டு வக்காக்கள் சுற்றின. இறங்கவில்லை. மறுபடி சுற்றின. குஞ்சுகள் 'கெக் கெக் கெக்' என்று நிறுத்தாமல் கத்தின. பாய் என் பக்கத்தில் நின்றிருந்தார்.

ஒன்று இறங்கியது. கிளையில் நின்றது. தட்டைப் பார்த்தது. ஒரு அடி எடுத்து வைத்து, மூங்கில் விளிம்பை மூக்கால் தட்டிப் பார்த்தது. பிறகு ஏறி உள்ளே நின்றது. உள்ளிருந்து மூன்று தலைகள் எழும்பி அந்த மூக்கைப் பிடித்து இழுத்தன.

தெருவில் யாரோ விசில் அடித்தார்கள். ஏழுமலைதான். அடுத்த தெரு வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வந்து, மதில்மேல் உட்கார்ந்து எங்களோடு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பாலத்தில்

ஏழில் ஒன்று மூன்றாம் நாள் இறந்தது. மாமி சொன்ன அந்தச் சின்னது. மற்ற ஆறும் பிழைத்தன. தை மாதம் தட்டை விட்டு வெளியே வந்து கிளைகளில் தத்தின. உடம்பெல்லாம் பழுப்பாகி வெள்ளைப் புள்ளி விழுந்தது. சிறகை விரிப்பதும், பயந்து மடக்குவதும், மறுபடி விரிப்பதுமாக ஒரு வாரம். பாய் மரத்தடியில் ஒரு பெரிய தார்ப்பாய் கட்டி அதற்குள் வண்டியை நிறுத்தி வேலை செய்தார். கஸ்டமர்கள் கேட்டால், "மேல குடித்தனம் கீது, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்பார்.

மாசி முடிவதற்குள் மரம் காலியாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு மாலை, அடையாறு பாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். பாலத்தின் ஓர நடைபாதையில் நின்று கீழே பார்த்தேன். தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்தது. கடல் பக்கமிருந்து உப்புக் காற்று. சேற்றின் விளிம்பில் சின்ன வக்காக்கள் பத்துப் பன்னிரண்டு, ஒவ்வொன்றும் தனித்தனியாக, அசையாமல் நின்றிருந்தன. ஒன்று சட்டென்று குனிந்து எதையோ பிடித்தது. யாரும் ஊட்டாமல், தானே பிடித்தது.

பாய்க்குப் போன் செய்தேன்.

"பாத்தீங்களா அக்கா?"

"பார்த்தேன் பாய். நிறைய நிக்குது."

"நம்ம புள்ளைங்க எது?"

"தெரியலை பாய். எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

போனில் கேட்டுக்கொண்டிருந்த தையல் மெஷின் சத்தம் நின்றது.

"அப்போ எல்லாத்துக்கும் சேத்து ஒரு சலாம் சொல்லிட்டு வாங்க."

பாலத்தில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. யாராவது பார்க்கிறார்களா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. கையை நெற்றிக்குக் கொண்டுபோனேன்.